பெண் பார்க்க இருபது நிமிடம்

காலை ஐந்து நாற்பதுக்கு டோர்வல் விமான நிலையத்தில் நான் முதலில் கண்டது ஒரு சிவப்பு டை. தடித்த பனிக்கோட்டுக்குள் அதைக் கட்டியிருந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கைபேசியின் கறுத்த திரையைப் பார்த்துப் பார்த்து முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நாட்டின் பனிபடர்ந்த வடகோடியில் இவுயிவிக் என்ற ஊரில் கணக்கு வாத்தியார் என்றார். அம்மா பார்த்திருக்கும் பெண் பக்கத்து ஊரான சலூயிட்டில் தாதி. இடையே விமானத் தூரம் ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர். இன்று அவர் ஊர் திரும்பும் விமானம் வழியில் அங்கே இருபது நிமிடம் நிற்கும். அதற்குள் பெண் பார்த்துவிட வேண்டும்.

அப்போது அறிவிப்பு வந்தது. சலூயிட்டில் மூடுபனி, விமானம் அங்கே இறங்காது.

இதே நகரில் அஹுன்ட்சிக்கில் இருக்கும் அம்மாவை உடனே அழைத்துச் சொன்னார். முதல் மணியிலேயே எடுத்த அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"அதுக்கென்னடா? பக்கத்து ஊர்தானே, பின்னேரம் பஸ்ஸில போய்ப் பாத்திட்டு வாவன்!"

"ஓம் அம்மா, போறன்."

"பஸ்ஸா தம்பி?" என்று கேட்டேன்.

"சும்மா இருங்கோ அண்ணை. உண்மை தெரிஞ்சா அம்மா வேற பொம்பிளை தேடத் தொடங்கிடுவா. எனக்கு இவ போனில சிரிக்கிற சிரிப்புப் பிடிச்சிட்டுது."

விமானத்தில் ஏற அழைத்தார்கள். அவர் முதல் ஆளாக வரிசையில் போய் நின்றார்.

அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் சாலை கிடையாது.