பொட்டு வைத்த துவக்கு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஊரில் யுத்தகால இடப்பெயர்வுகளுக்கு நடுவே ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதற்கும் முதலே. அதனால் குளிர்சாதனப் பெட்டி வாங்கினாலும், கார்க் காப்புறுதி மாற்றினாலும், தெரிந்தவர்களுக்குக் கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து கடிதம் வந்தாலும், "பிள்ளையைக் கேளுங்கோ" என்பதுதான் வீட்டுப் பேச்சு. நானும் அதற்கென்றே பிறந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன். எனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருப்பதாக நான் ஒருபோதும் காட்டிக்கொண்டதில்லை.

அந்த வியாதிதான் என்னைத் துவக்கு வாங்க வைத்தது.

டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில், காற்றாலை இறகுகளின் பலத்தைக் கணக்கிடும் வேலையில் நான் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மதியச் சாப்பாட்டு மேசையில் எங்கள் குழுவினர் சனிக்கிழமை விளையாட்டைப் பற்றிக் கதைப்பார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்து, விளையாட்டுத் துவக்குகளில் பயறளவு பிளாஸ்டிக் குண்டுகள் போட்டு ஒருவரை ஒருவர் சுடுவது. குண்டு பட்டவர் தானாகவே கையைத் தூக்கி வெளியேற வேண்டும். அந்தக் கதை நடக்கும்போது நான் மட்டும் கரட் துண்டைக் கடித்தபடி சிரித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் எங்கள் குழுத்தலைவி, ஐம்பதைத் தாண்டிய டெனிஷ்காரி, என் பக்கம் திரும்பினாள்.

"இந்தச் சனி நீயும் வாவேன். என்னிடம் இரவல் தர ஒரு துவக்கு இருக்கு."

எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தேன். ஆனால் 'இரவல்' என்றதும் உள்ளே ஏதோ விறைத்தது. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சீனி கேட்பதையே குடும்ப மானத்தோடு முடிச்சுப் போடுகிறவள் என் அம்மா.

"வேண்டாம், என்னிடமே ஒன்று இருக்கு," என்றேன்.

என்னிடம் இருந்தவற்றில் துவக்குக்கு மிகக் கிட்டியது, குளியலறை விரிசலுக்குப் பசை அடிக்க அப்பா வைத்திருந்த கருவி.

அந்த வாரம் முழுக்கப் படித்தேன். மின்கலத்தில் ஓடும் துவக்கின் உள்ளே சிறிய மோட்டார், அது சுழற்றும் பல்சக்கரங்கள், அவை பின்னிழுக்கும் சுருள்வில், அது தள்ளும் காற்று எல்லாம் எனக்கு மனப்பாடம். ஹொல்ஸ்டெப்ரோ நகரில் இருந்த ஒரு கடைக்குக் காரில் போனேன். விற்பனையாளன் "தம்பிக்கா?" என்று கேட்டான். "எனக்கு" என்று சொல்லி, அவன் வாயைத் திறக்குமுன் பல்சக்கரங்களைப் பற்றி ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நடுத்தர விலையில் ஒன்றைக் காட்டினான். நான் கீழ்த்தட்டில் இருந்த ஆக மலிவானதைச் சுட்டிக்காட்டினேன்.

"பொழுதுபோக்குக்கு இது போதும்," என்றான் அவன். "மின்கலத்தை அளவுக்கு மேல் சார்ஜில் விடாதே. குழலைத் துப்பரவாக வைத்துக்கொள்."

"தெரியும்," என்றேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கறுப்பாக, நீளமாக, நிசமானது போலவே கிடந்தது. அம்மா அகப்பையோடு வந்து அப்படியே நின்றாள்.

"என்னடி இது? இதுக்குப் பயந்துதானே நாங்கள் கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறாய்!"

"விளையாட்டுச் சாமான் அம்மா. பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக் எண்டு அதின்ர நெத்தியில எழுதியிருக்கோ?"

அப்பா எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். வெளியே எதிர்வீட்டு டெனிஷ்காரர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். "பெட்டிக்குள்ள வை பிள்ளை. ஆக்கள் கண்டாலும்," என்றார் அப்பா. நான் அவருக்கும் விரிவுரை ஆற்றினேன்: வயது வந்தவர்கள் வைத்திருக்கலாம், பொது இடத்தில் வெளியே தெரியக் கொண்டுபோகக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். அவர் முழுவதையும் மரியாதையோடு கேட்டார். திரையை மட்டும் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் எந்தப் புதுச் சாமானும் பொட்டில்லாமல் வேலை தொடங்கியதில்லை. காருக்குச் சில்லின் கீழே தேசிக்காய். என் முதல் கணிப்பானிலிருந்து மடிக்கணினி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். "இதுக்குப் பொட்டு வைக்கேல்லையோ அம்மா?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"துவக்குக்குப் பொட்டோ? அதைக் கொண்டு சாமியறைப் பக்கம் வா, அப்ப காட்டுறன்."

பகிடி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வெள்ளி மாலை கராஜில் காட்போட் பெட்டி ஒன்றைச் சுட்டுப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதைக் கண்ட பிறகும் மனம் ஆறவில்லை. பொட்டு வைக்காத பேனையோடு நான் ஒரு பரீட்சைக்கும் போனதில்லை. அம்மா குளிக்கும் நேரம் பார்த்து, பொறியியலாளராகிய நான், சாமியறையில் சந்தனம் திருடினேன். யார் கண்ணிலும் படாமல் குழல் வாயின் அடிப்புறத்தில் ஒரு சிறு பொட்டு. அதற்கு நடுவில் குங்குமம்.

சனிக்கிழமை காட்டில் எல்லோரும் தங்கள் துவக்குகளைச் சோதித்தார்கள். "உன்னுடையதையும் ஒருக்கால் சுட்டுப் பார்," என்றாள் குழுத்தலைவி.

"நேற்றே பார்த்துவிட்டேன்."

ஊசியிலை மரமொன்றின் பின்னால் ஈரப் பாசியில் வயிறு நனையப் படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் குழுத்தலைவியே தனியாக, எனக்கு நேரே, குனிந்தபடி வந்தாள். இதைவிட நல்ல இலக்கு யாருக்கும் கிடைத்திருக்காது. விசையை அழுத்தினேன். 'கிர்ர்ர்' என்றது. குண்டு வரவில்லை. மறுபடி கிர்ர்ர். அவள் நின்று, தேனீக் கூட்டைத் தேடுகிறவள் போல அக்கம்பக்கம் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, என் பின்பக்கத்தில் அளவாக ஒன்று வைத்தாள். கையைத் தூக்கினேன்.

கார்களுக்குப் பக்கத்தில் மடக்கு மேசையில் அவள் என் துவக்கைக் கிடத்தினாள். மற்றவர்கள் காப்பிக் கோப்பைகளோடு சுற்றி நின்றார்கள். மலிவுச் சாமான் என்று யாராவது சொல்லட்டும், நானும் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன். அவள் துப்பரவுக் கம்பியைக் குழலுக்குள் விட்டுத் தள்ளினாள். நெருக்கியடித்த வெள்ளைக் குண்டுகளும், அவற்றோடு காய்ந்தும் காயாததுமாக மஞ்சள் கட்டி ஒன்றும் மேசையில் விழுந்தன.

"இது என்ன?"

"கிரீஸ்," என்றேன்.

அவள் அதை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தாள். "நல்ல சோப் மாதிரி மணக்குது."

"தெரியும்."

அவள் குழலைத் திருப்பினாள். அடியில் மஞ்சளும் சிவப்புமாக என் பொட்டு. இனிக் கிரீஸ் செல்லாது. புதுச் சாமானுக்கு அப்படி வைப்பது எங்கள் வழக்கம் என்றும், அது உள்ளே வழிந்திருக்க வேண்டும் என்றும், இரும்புத் தொப்பி போட்ட அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். காது மடல்வரை சுட்டது.

குழுத்தலைவி சிரிக்கவில்லை. "நாங்கள் செய்கிற இறகுகளுக்கும் வைக்கிறாயா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

"இல்லை," என்றேன். என் அலுவலகக் கணினியின் அடியில் இருப்பதைச் சொல்லவில்லை.

"வைத்தால் துளைகளைப் பார்த்து வை," என்று சொல்லி இரவல் துவக்கை நீட்டினாள். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரட் இல்லாமல். இரவல் துவக்கால் ஒருவரைச் சுட்டேன், மூவரிடம் சூடு வாங்கினேன். புறப்படும்போது அவள், "அடுத்த சனி உன்னுடையதையே கொண்டு வா, அது பாவம்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கறிச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "என்னமாதிரி? உன்ர சாமான் வேலை செய்ததோ?"

"ஓம்," என்றேன்.

"செய்யும்தானே. விடிய நீ எழும்ப முதல் நானெல்லோ அதுக்குச் சந்தனம் வைச்சனான். வெளியில வைச்சால் நீ கத்துவாய் எண்டு, அந்த ஓட்டைக்குள்ள நல்லா உள்ளுக்கு வைச்சனான்."

காட்டில் ஒரு குழுவே சாட்சியாக நான் ஏற்றுக்கொண்ட குற்றம் என்னுடையதே அல்ல. குழலுக்குள் நடந்ததை முழுதாக விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விரிவுரையை விழுங்கினேன்.

"அடுத்த சனியும் போறியோ?" என்று அப்பா கேட்டார். திரை பாதி திறந்திருந்தது.

"ஓம் அப்பா. கூப்பிட்டவை."

"அப்ப இன்னும் கொஞ்சம் கூட வைக்கவேணும்," என்றாள் அம்மா.

அன்றைக்கே கராஜுக்குப் போய், குழல் வாயை டேப்பால் இறுக்கி ஒட்டினேன். அடுத்த சனி காலை பெட்டியைத் திறந்தபோது, டேப்பின் நட்டநடுவில், வட்டமாக, ஒரு பொட்டு இருந்தது.