அழிக்காமல் விட்ட வரி

ஜெர்மனிக்காரர்களிடம் பேரைக் கேட்டால் பேரைச் சொல்லமாட்டார்கள். பிரேமனில் இருக்கிற என் சலவைக் கடைக்கு வந்து, கோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "முல்லர்" என்பார்கள், "ஷ்மிட்" என்பார்கள். அதெல்லாம் குடும்பத்துப் பேர். நம் காஞ்சிபுரத்தில் அப்பன் பேர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும்; கூப்பிடுவதற்கு ஆளுக்கென்று தனியாக ஒரு பேர் உண்டு. "அது சரிம்மா, உன் பேர் என்ன?" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டால், கையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு அடி பின்னால் போவார்கள். பிறகு மெல்ல, "மோனிகா" என்பார்கள். அதை வாங்காமல் நான் விட்டதில்லை.

சீட்டு, டோக்கன் எதுவும் கொடுத்ததும் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் என் ஊரான முசரவாக்கத்தில் எட்டாவதோடு நின்றவன், காஞ்சிபுரத்தில் கோயில் வாசலில் செருப்பு ஸ்டாண்ட் பார்த்தவன் நான். தகர டோக்கனை நீட்டுவதற்குள் முகத்தைப் பார்த்துச் செருப்பை எடுத்துப் போடுவேன். கருட சேவைக் கூட்டத்திலும் ஒரு ஜோடி மாறியதில்லை. அந்தத் தலையை நம்பித்தான் இங்கே வந்து பாத்திரம் தேய்த்து, இஸ்திரி போட்டு, இஸ்திரி போட்ட கடையையே சொந்தமாக்கிக்கொண்டேன். ஆனால் அறுபத்து மூன்று வயதில் அதே தலை ஏமாற்ற ஆரம்பித்தது. எந்தத் துணி எந்தக் கொக்கியில் என்பது நழுவியது. "எத்தினி நாளிக்கு இப்பிடித் தேடிக்கினு இருப்ப? கடையைக் குடுத்துட்டு ஊருக்குப் போலாம்யா" என்றாள் என் மனைவி கஸ்தூரி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெடிமேட் சாஃப்ட்வேர் வாங்கவில்லை. தமிழ் வீடியோக்களைப் பார்த்து நானே ஒரு டேட்டாபேஸ் எழுதினேன். ஒரு பேர், அதற்கு எதிரே ஒரு கொக்கி எண், அவ்வளவுதான். 'போடு' என்றால் வைத்துக்கொள்ளும், 'எடு' என்றால் சொல்லும். கீ-வேல்யூ என்கிறார்கள் படித்தவர்கள். எனக்கு அது செருப்பு ஸ்டாண்ட். முதல் தடவை லேப்டாப்பை அணைத்ததும் அத்தனையும் போய்விட்டது. மூன்று நாள் மண்டையை உடைத்து, ஒவ்வொன்றையும் ஒரு ஃபைலின் கடைசியில் ஒரு வரியாக எழுத வைத்தேன். எதையும் அழிக்காது, எழுதிக்கொண்டே போகும். ஒரே பேர் இரண்டு தரம் வந்தால், பின்னால் வந்ததைப் பதிலாகச் சொல்லும். துணியைக் கொக்கி மாற்றி மாட்டினால் வசதி என்று அப்படிச் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை மோனிகா ஓடி வந்தாள். மகளுடைய கல்யாண கவுன் வேண்டும், இன்னும் ஒரு மணி நேரத்தில் கல்யாணம். 'எடு மோனிகா' என்றேன். நாற்பத்தொன்று என்றது. கம்பீரமாகப் போய் உறையைக் கழற்றினால், உள்ளே பழுப்பு ஜன்னல் திரை.

"என் மகள் இதைச் சுற்றிக்கொண்டா நிற்பாள்?" என்று மோனிகா அழ ஆரம்பித்தாள்.

"சூப்பர்யா உன் மிஷினு" என்றாள் கஸ்தூரி. "நான் ஊருக்கு டிக்கெட் போடட்டா?"

கடை முழுக்க ஒரே மாதிரி வெள்ளை உறைகள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரமில்லை. வியாழக்கிழமை இன்னொரு மோனிகா திரை கொண்டுவந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முசரவாக்கத்தில் ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் நெட்டை, குட்டை என்று ஒட்டிக்கொள்வோம். இங்கே அந்த ஒட்டுதான் குடும்பப் பேர்! இத்தனை வருஷம் அதைத்தான் வேண்டாம் என்று தள்ளியிருக்கிறேன்.

ஆனால் என் ஃபைல் எதையும் அழிக்காதே! திறந்து மேலே மேலே போனேன். இருந்தது: மோனிகா, பதினேழு. பதினேழாம் கொக்கியில் வெள்ளைவெளேர் என்று கவுன். மோனிகா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை ஒரு அடி பின்னால் போனது நான்.

"சரி, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுய்யா" என்றாள் கஸ்தூரி.

இப்போது எல்லோருக்கும் டோக்கன். பேருக்குப் பதில் அந்த எண்தான் கீ. பழைய வரிகள் சேர்ந்தால் ஃபைல் பெருத்துவிடும், துப்புரவு செய்ய வேண்டும் என்றது வீடியோ. அதையும் யார் உதவியும் இல்லாமல் எழுதினேன். சோதித்துப் பார்க்க என் பேரையே போட்டேன், எதிரே கொக்கி எண்ணுக்குப் பதில் ஊர். முனுசாமி, முசரவாக்கம். அடுத்து, முனுசாமி, பிரேமன். துப்புரவை ஓட்டினால் முதல் வரி போய்விடும். விரல் பட்டனில் இருந்தது, எடுத்துவிட்டேன். இந்த ஒரு பேர் வந்தால் மட்டும் எதையும் தொடாதே என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்த பிறகுதான் ஓட்டினேன்.

'எடு முனுசாமி' என்றால் பிரேமன் என்கிறது. ஃபைலைத் திறந்தால் முசரவாக்கம் அதற்கு மேலே அப்படியே இருக்கிறது.