கொட்டியாரக்குடாவில் ஒரு கொடியும் ஒரு பாரை மீனும்

1. திரும்பி ஏறிய மனிதர்

படகை இழந்து, உடுத்த உடுப்போடு தப்பி வந்த ஒரு மனிதர், கரைக்குக் கூட்டிப்போக வந்த எங்கள் லாஞ்சைக் குனிந்து பார்த்தார். பிறகு பாதி இறங்கிய கேங்வே ஏணியில் திரும்பி மேலே ஏறிப் போய்விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் திருகோணமலையில் ஷிப்பிங் ஏஜென்சி ஒன்றில் போர்டிங் கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலுக்குப் போய் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் என் வேலை. இறங்க மறுத்த ஆளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

அவர் தாய்வான் மீன்பிடிப் படகொன்றை நடத்திய ஸ்கிப்பர். நடுக்கடலில் என்ஜின் ரூமில் தீப்பிடித்து, படகைக் கைவிட்டு, தன் ஆட்களோடு உயிர்காப்பு ராஃப்டில் மிதந்தவரை அந்த வழியால் வந்த சீனக் கப்பல் ஒன்று தூக்கியெடுத்தது. அவர்களை இறக்கிவிடத்தான் அந்தக் கப்பல் கொட்டியாரக்குடாவில் நங்கூரம் போட்டது. அடுத்து அது நிற்கப்போவது சீனாவில்.

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். வருகிற ஆள் எந்த நாடோ அந்த நாட்டுக் கொடியை லாஞ்சில் ஏற்ற வேண்டும். மரியாதையாம். அன்றைக்குச் சீனாவின் சிவப்புக் கொடியைக் கடை கடையாகத் தேடி வாங்கித் தந்திருந்தார். போதாததற்குக் கரையில், ஜெட்டி என்கிற இறங்குதுறையில், கேக் வேறு.

லாஞ்ச் ஓட்டி றஹீம் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), மூதூர்க்காரர், அண்ணாந்து பார்த்தபடி சொன்னார்:

"தம்பி, கொடியக் கண்டுதான் மனிசன் திரும்பிட்டாரு. கேட்டுட்டு ஏத்தி இருக்கலாம்."

நான் முதலாளிக்குப் போன் அடித்தேன்.

"சீனாவும் தாய்வானும் எல்லாம் ஒண்டுதானேடாப்பா? இதுக்கென்ன கோபம்?" என்றார்.

இந்தக் கேள்வியை அவர் கேட்டதுதான் வேடிக்கை. கப்பல் கப்பித்தான்மார் யாராவது "நீங்கள் இந்தியரா?" என்று கேட்டுவிட்டால் போதும், எங்கள் முதலாளிக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். "நான் ட்ரிங்கோ! திருகோணமலை!" என்று மேசையில் தட்டுவார்.

"உங்கள இந்தியாக்காரன் எண்டா நீங்க சும்மா இருப்பீங்களா முதலாளி?" என்று கேட்டேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

2. மேலே நடந்தது

கேங்வேயால் ஏறிப் போனேன். டெக்கில் இன்னும் பெரிய சிவப்புக் கொடியொன்றை இரண்டு பேர் விரித்துப் பிடித்திருந்தார்கள். ஸ்கிப்பர், யாரோ கொடுத்த பொயிலர் சூட் என்ற வேலையுடுப்பில், கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்கள் பின்னால் குந்தியிருந்தார்கள். அவர் இறங்காமல் அவர்கள் இறங்கமாட்டார்கள்.

கப்பலின் செகண்ட் ஒஃபிசருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். விஷயத்தை அவர்தான் விளங்கப்படுத்தினார். கொடிக்கு முன்னால் ஸ்கிப்பர் கப்பித்தானுக்குக் கை கொடுத்து நன்றி சொல்லும் போட்டோ ஒன்று கப்பல் கொம்பனிக்கு வேண்டுமாம். "தாய்நாட்டின் கப்பல் தன் பிள்ளைகளைக் காப்பாற்றியது" என்று போடுவார்களாம்.

தாய்வான் தன்னைத் தானே ஆளுகிற தீவு. தேர்தல், காசு, பாஸ்போர்ட் எல்லாம் சொந்தத்தில் வைத்திருக்கிறது. சீனாவோ அதைத் தன்னுடைய மாகாணம் என்கிறது. எங்கள் அரசாங்கமும் சீனாவின் பேச்சை ஏற்றுக்கொண்டதுதான். அதனால் அந்த மனிதருக்கு உதவிக்கு ஓட ஒரு தூதரகம்கூட இந்த நாட்டில் கிடையாது.

"இவர் என் உயிரைக் காப்பாற்றியவர். காலில் விழச் சொன்னாலும் விழுவேன்" என்றார் ஸ்கிப்பர், கப்பித்தானைக் காட்டி. செகண்ட் ஒஃபிசர் எனக்கு மொழிபெயர்த்தார். "ஆனால் அந்தக் கொடிக்கு முன்னால் நின்றால், ஊரில் என் மனைவி சந்தைக்குப் போக முடியாது. விலைபோனவன் பெண்சாதி என்பார்கள்."

கப்பித்தான் கெட்டவர் இல்லை. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். இவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"போட்டோ இல்லாமல் இறக்கினால் நான் பதில் சொல்ல வேண்டும். ஏன் அவனுக்கு இரக்கம் காட்டினாய் என்று கேட்பார்கள்."

இருவரும் ஒரே பாஷையைத்தான் பேசினார்கள். ஸ்கிப்பர் ஒன்று சொல்ல, எனக்கு மொழிபெயர்ப்பு வருமுன் கப்பித்தான் தலையாட்டினார். இவர்கள் சண்டைக்காரர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு இரண்டு பேரிலும் பாவமாக இருந்தது. நான் போர் நடந்த கிளிவெட்டியில் பிறந்தவன். நீ யாருடைய ஆள் என்று துவக்கை நீட்டிக்கொண்டு நிற்பவன் கேட்டால் நாக்கு ஒட்டிப்போவதை எங்கள் பக்கத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காற்று எழும்பத் தொடங்கியது. அலை கூடினால் கேங்வே நிற்காது. கேங்வே இல்லையென்றால் இந்த மனிதர் போய் இறங்குவது சீனாவில். அது அவருக்கும் தெரியும். இருந்தும் குற்றியை விட்டு எழும்பவில்லை.

3. தலையும் வாலும்

கீழேயிருந்து நானா சத்தம் போட்டார். என்ன பிரச்சினை என்று சொன்னேன். அவர் முதலில் எங்கள் கொடியை இறக்கினார். மிதிபடாமல் மடித்து லொக்கர் பெட்டிக்குள் வைத்தார்.

"அதுவும் ஒருத்தன்ட கொடிதானே" என்றார். பிறகு, வீட்டுக்கென்று காலையில் வாங்கி வைத்திருந்த பாரை மீனைத் தூக்கிக் காட்டினார்.

"இதக் கப்பித்தானுக்குக் குடுக்கச் சொல்லுங்க தம்பி. எங்கட ஊரு வழக்கத்தச் சொல்லுங்க."

மூதூர்ப் பக்கம் நடுக்கடலில் என்ஜின் நின்றுபோய், இன்னொருவன் கயிறு போட்டு இழுத்து வந்தால், அவனுக்குக் காசு கொடுப்பதில்லை. கொடுத்தால் அடிக்க வருவான். ஒரு நல்ல மீனை அவன் கையில் கொடுக்க வேண்டும். அவன் தலைப்பக்கத்தை வைத்துக்கொண்டு வால்பக்கத்தை வெட்டித் திருப்பித் தருவான். அதோடு சரி. கும்பிட்டுக்கொண்டு திரிய வேண்டியதில்லை. இழுத்தவன் தமிழனா முஸ்லிமா, எந்தக் கட்சி என்ற கதையும் அதில் வராது.

இதை என் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. செகண்ட் ஒஃபிசர் சொல்லச் சொல்ல, கப்பித்தானுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. அவருடைய தகப்பனும் மீன்பிடிகாரராம். தாய்வான் தீவுக்கு நேர் எதிரே உள்ள கரையாம்.

"நன்றிதானே கேட்டார்கள். இதுவும் நன்றிதான்" என்று சொல்லி, கொடியைச் சுருட்டச் சொன்னார்.

மீனைக் கயிற்றில் கட்டி மேலே எடுத்தோம். ஸ்கிப்பர் அதை இரண்டு கைகளாலும் நீட்டினார். கப்பித்தான் இரண்டு கைகளாலும் வாங்கினார். பின்னால் கடலும் மூதூர்க் கரையும் மட்டும் தெரிய போட்டோ எடுத்தார்கள். கப்பல் குக் மீனைச் சரிபாதியாக வெட்டி வால்பக்கத்தைக் கொடுத்தார். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஸ்கிப்பர் கேங்வேயில் இறங்கினார். அவர் ஆட்கள் பின்னால் இறங்கினார்கள். லாஞ்சில் கால் வைத்ததும் மனிதர் விம்மி அழுதார். நானா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி வேறு பக்கம் பார்த்தார். எனக்கும் கண் கலங்கியது.

ஜெட்டியில் முதலாளி கேக்கோடு நின்றார். வெள்ளை ஐசிங்கில், சிவப்பு இங்கிலீஷ் எழுத்தில், "வெல்கம் சைனா". ஸ்கிப்பர் அதைப் படித்துவிட்டார். இறங்குதுறைப் படியிலேயே நின்றுவிட்டார். அன்றுதான் முதலாளி, என் காலத்தில் முதன்முறையாக, வந்த ஆளிடம் எந்த ஊர் என்று கேட்டார்.

"தாய்வான்" என்றார் ஸ்கிப்பர், வாலைப் பிடித்திருந்த கையோடு.

முதலாளி அவரை நன்றாகப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து, அடியிலிருந்த "சைனா" என்ற சொல்லை மட்டும் ஐசிங்கோடு வழித்தெடுத்தார். தாய்வான் என்று எழுத ஐசிங்கும் இல்லை, அவருக்குக் கேக்கில் எழுதவும் வராது.

"வெல்கம் போதும்டாப்பா" என்று சொல்லி முதல் துண்டை வெட்டினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். கொடி லொக்கருக்குள் இருக்கட்டும். இறங்கி வருகிறவர் தன் ஊரைத் தன் வாயால் சொல்லட்டும்.