ஓட்டு ஜாடியில் வைக்கோல்

எங்கள் பீங்கான் பேட்டையில் சின்னப் பட்டறைக்காரர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு சூளை உண்டு. அதை நடத்தும் சங்கத்தில் அப்போது கூட்டணி ஆட்சி. தலைவர் ஃபியூஸ் கட்டை செய்கிறவர், செயலாளர் பொம்மை செய்கிறவர். சூளைக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் பேட்டையே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

போதுமடா சாமி என்று தேர்தல் வைக்க முடிவானது. நிலவரம் பார்த்து, எல்லாம் தயாரா என்று சொல்ல என்னைப் போட்டார்கள். நான் இரண்டு தரப்புக்கும் அட்டைப்பெட்டி விற்கிறவள். யாரையும் பகைத்துக்கொள்ள முடியாதவளை நடுநிலையானவள் என்று நினைத்துவிட்டார்கள்.

நிலவரம் பார்ப்பது என்றால் டீ குடிப்பது. ஃபியூஸ்காரர்கள் உட்காரும் கடையில், "பெண்ணாடத்துலேர்ந்து ஆள் எறக்கறாங்கம்மா" என்றார்கள். பொம்மைக்காரர்கள் கடையிலும் அதே புகார்தான். ஊர் மட்டும் வேப்பூர்.

பொம்மைக்கு வண்ணம் தீட்டும் ஒருத்தி தனியாகப் பட்டறை வைத்திருந்தாள். பொம்மைத் தரப்பு வேட்பாளர் அவளுடைய சொந்த அண்ணன். ஆனால் சூளையில் அவளுக்கு எப்போதும் கடைசி முறைதான். போன வருஷம் அவளுடைய கொலு பொம்மைகள் நவராத்திரி முடிந்துதான் வெந்தன. முறை வைத்துத் தருகிறோம் என்று ஃபியூஸ்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

"யாருக்குப் போட்டேன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சா, பொறந்த வூட்டுப் பக்கமே போக முடியாதுக்கா."

"தெரியாது. நான் பொறுப்பு" என்றேன்.

ஓட்டுச்சீட்டு வேண்டாம் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒற்றுமை. பீங்கான்காரர்களுக்குக் காகிதம் எதற்கு? மறைப்புக்குள் ஒரு கூடையில் ஃபியூஸ் கட்டை, இன்னொன்றில் பொம்மைத் தரப்புக்குக் குட்டி யானைப் பொம்மை. வேண்டியதை எடுத்து ஊறுகாய் ஜாடியில் போட வேண்டும்.

முந்தின நாள் ஒத்திகை. முதல் ஆள் உள்ளே போனார். ஜாடியில் 'டங்' என்றது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "யானை" என்றார்கள். அடுத்த ஆள். "ஃபியூஸு." தட்டிப் பார்த்தே விரிசலைக் கண்டுபிடிக்கிற காதுகள் அல்லவா! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வண்ணம் தீட்டுகிறவள் மட்டும் என்னையே பார்த்தாள்.

அன்றைக்கே என் கிடங்கிலிருந்து, பெட்டிக்குள் சாமான் உடையாமலிருக்க வைக்கிற வைக்கோலில் ஒரு கட்டு கொண்டுவந்து ஜாடிக்குள் திணித்தேன். இரு தரப்பு ஆட்களும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்கள். ஒரு யானையைப் போட்டுக் காட்டினேன்.

"ஒண்ணும் கேக்கலியே?" என்று குறைப்பட்டார் ஒருவர்.

"கேக்கக் கூடாதுன்னுதாங்க போட்டிருக்குது."

மறுநாள் தேர்தல் நல்லபடியாக முடிந்தது. அவளுடைய அண்ணன் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

சாயங்காலம் அவள் பட்டறையில் நான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். பேட்டை முழுக்க ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எல்லாரும் எனக்குத்தான் போட்டதா சொல்றாங்க. நீ யாருக்குப் போட்ட?"

அவள் தூரிகையைக் கழுவி வைத்தாள். நான் எண்ணின பெட்டிகளையே திரும்ப எண்ணினேன்.

"சொல்ல மாட்டேண்ணே. நீ ஜெயிச்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."