மாஸ் ஜெரோமும் ஒஸ்லோவின் டங்டுட் ஆட்டங்களும்

சவுண்ட்காரன் பிழைப்பு தெரிந்ததுதான்: பாட்டு நன்றாக இருந்தால் பாடகருக்குக் கைதட்டு, மைக் கீச்சிட்டால் மண்டபமே திரும்பி எங்களை முறைக்கும். சாமத்தியவீடு, கலியாணம், பிறந்தநாள் என்று ஒஸ்லோ முழுக்க வயர் இழுத்து முதுகு வளைந்த சகோதரங்களே, நான் அதே வயர்களை இந்தோனேசியர்களுக்கு இழுக்கப்போய்ப் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பட்டம் கிடைத்தது

கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பாடற்குழுவுக்கு மைக் பூட்டுகிறவன் நான். எங்கள் பூசை முடிய இந்தோனேசியர்களின் பூசை. அவர்களின் விழாக்களையெல்லாம் முன்னின்று நடத்துகிறவர் இபு லெஸ்தாரி. 'இபு' என்றால் அம்மா, மரியாதைக்குச் சொல்வது. ஒருநாள் அவ என்னைப் பிடித்துக்கொண்டா. "மாஸ் ஜெரோம், எங்கட டங்டுட் விழாவுக்கு நீங்கள்தான் சவுண்ட்" என்றா, நொர்வேஜியனில்.

மாஸ்! எனக்குப் புல்லரித்துவிட்டது. முதல்நாள் முதல்காட்சியில் கதாநாயகனுக்கு விசிலடித்துக் கத்துகிற சொல் அல்லவா அது? ஊர் விட்டு ஊர் வந்து, வேற்றினத்தவர் வாயால் இப்படியொரு பட்டம். வீட்டில் ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அடுத்த ஞாயிறு என் மனைவி ஜெனி இபுவிடமே விசாரித்துவிட்டு வந்தா.

"இஞ்சாருங்கோ, மாஸ் எண்டால் அண்ணையாம். அங்கை பஸ் ஓட்டுறவரும் மாஸ்தானாம்."

பின்னேரம் வந்த வக்ட்மெஸ்தர்

டங்டுட் தெரியாதவர்களுக்கு: மத்தளம் 'டங்' என்று அடித்து 'டுட்' என்று வழுக்கும். பழைய ஹிந்திப் பாட்டுக்கு எலக்ட்ரிக் கிட்டார் பூட்டி, மிளகாய்த்தூள் தூவின மாதிரி இருக்கும். கதிரையில் ஒருத்தராலும் இருக்க ஏலாது.

முதல் விழா ரொம்மனில், அடுக்குமாடி ஒன்றின் கீழ்மண்டபத்தில், ஒரு ஞாயிறு பின்னேரம். நொர்வேயில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடுவது கொலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. மேல்வீட்டில் யாரோ முறையிட, கட்டடத்தைப் பார்க்கிற வக்ட்மெஸ்தர் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். ஆறடி உயரம், முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. நான் பயத்தில் வொல்யூமைக் குறைக்கப் போனேன். இபு முந்திக்கொண்டா. அவரின் சாவிக்கொத்தை வாங்கி மேசையில் வைத்தா. ஆடிக்கொண்டிருந்த பெண்களின் வரிசையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினா. வலதுபக்கம் இரண்டடி, இடதுபக்கம் இரண்டடி, பிறகு ஒரு சுற்று. மனிசன் பிழையான பக்கம் சுற்றி, பக்கத்தில் நின்ற இருவரை இடித்து, தக்காளிப்பழமாய்ச் சிவந்து, கடைசியில் சிரித்தேவிட்டார்.

மூன்று பாட்டு முடிய, வியர்க்க வியர்க்க நேரே என்னிடம் வந்தார். விழா இத்தோடு சரி என்று நினைத்துக்கொண்டேன். என் காதருகே குனிந்து சொன்னார்:

"ஜன்னல் எல்லாம் பூட்டிட்டன். இனி பாஸ் சத்தத்தைக் கூட்டு."

வெள்ளை உடுப்பு, விரித்த கூந்தல்

இந்தோனேசியப் பேய்ப்படங்களைத் தனியே பார்க்கக்கூடாது என்பார்கள். அதனால் பியோர்ண்டால் மண்டபத்தில் எல்லோருமாய்ச் சேர்ந்து பார்த்தார்கள். புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் என்னுடையவை. பக்கத்தில் உதவிக்கு இபுவின் ஒரே மகள் தேவி, பல்கலைக்கழக மாணவி. "பயப்பிடாதையும் பிள்ளை, நான் நிக்கிறன்" என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு லைற்றை அணைத்தேன்.

திரையில் வெள்ளை உடுப்போடு ஒரு பெண். முகத்தை மூடி இடுப்புவரை கூந்தல். மெல்ல, மெல்லத் திரும்பினாள். "என்ர மாதாவே!" என்று நான் போட்ட சத்தத்தில் முன்வரிசைக் குழந்தை அழத் தொடங்கியது. என் கை தேவியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் மறுகையால் என் தோளைத் தட்டினாள்.

"மாஸ், படம் இன்னும் தொடங்கேல்லை. இது ஷாம்பு விளம்பரம்."

பாடகி வராத கலியாணம்

தேவி ஒரு நொர்வேஜியப் பொடியனைக் கட்டினாள். லில்லெஸ்ட்ரோமில் மண்டபம். நெதர்லாந்திலிருந்து டங்டுட் பாடகி ஒருவர் வருவதாக ஏற்பாடு. பனி கொட்டி விமானம் நின்றுவிட்டது. சேதி வந்ததும் இபு என் ஸ்பீக்கர்ப் பெட்டியிலேயே குந்திவிட்டா. தகப்பன் இல்லாமல் வளர்த்த பிள்ளை. "இவள் கலியாணத்திலை டங்டுட் ஆடவேணும் எண்டு எத்தனை வருஷம் நினைச்சிருந்தனான், மாஸ்" என்று கண்ணைத் துடைத்தா. என்னிடம் குரலில்லாத வெறும் இசைத்தட்டு இருக்கிறது, பாட ஆளில்லை. கேட்டவர்கள் எல்லோரும் வெட்கப்பட்டுப் பின்வாங்கினார்கள்.

அவர்களின் விழாக்களில் சவுண்ட் செக்குக்கு எப்போதும் ஒரே டங்டுட் பாட்டைத்தான் போடுவேன். அர்த்தம் தெரியாது, சொல் மட்டும் முழுக்கப் பாடம். இபுவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் மைக்கை எடுத்தேன். முதல் வரி நடுங்கியது. மத்தள அடி விழுந்ததும் பயம் எங்கோ போய்விட்டது. கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, முழங்கால் மடித்து, அப்படி ஒரு உருக்கம்! கண்ணைத் திறந்தால் மண்டபமே ஆடுகிறது. மாப்பிள்ளையின் தகப்பன் கழுத்துப்பட்டியைத் தலையில் கட்டியிருக்கிறார். தேவி தாயை இழுத்துவந்து நடுவில் விட்டிருக்கிறாள். இபு அழுகிறாவா சிரிக்கிறாவா என்று தெரியாமல் இடுப்பை வெட்டி வெட்டி ஆடுகிறா. நானும் நிறுத்தவில்லை, மூன்றுதரம் பாடினேன்.

முடிந்ததும் இபு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டா.

"இவ்வளவு உருகி ஒருத்தரும் பாடினதில்லை, மாஸ். ஆனால் அது புருஷன் ரெண்டாம் கலியாணம் கட்டிக்கொண்டு ஓடின பாட்டு."

ஆகவே சகோதரங்களே, டங்டுட்டுக்கு வயர் இழுக்கப் போகிறவர்கள் ஸ்பீக்கருக்கு மட்டுமல்ல, இடுப்புக்கும் சேர்த்துக் காப்புறுதி எடுத்துவிட்டுப் போவது நல்லது.