ஸ்லிப் ரோட் கணேசலிங்கம்

சிவப்பு விழுந்ததும் கணேசலிங்கம் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொள்கிறார். வேறெந்த விளக்கிலும் அவர் இப்படிச் செய்வதில்லை. கடைத்தெரு விளக்குகளில் உச்சுக்கொட்டுவார். பாதசாரிகளுக்கான விளக்கில், தெருவைக் கடக்கும் கிழவரை மனத்துக்குள் முடுக்குவார். மோட்டர்வேக்கு ஏறுகிற ஸ்லிப் ரோட்டின் நுனியில், ஏறப்போகும் கார்களை மறித்துக்கொண்டு நிற்கும் விளக்குக்கு மட்டும்தான் இந்த மரியாதை.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருப்பவர் சுவர்ணா. சென்னையிலிருந்து லண்டனுக்கு வேலை மாற்றலாகி வந்தவர். கணேசலிங்கத்திடம் கார் பழகுகிறார்.

"ஏன் சார், மெயின் ரோடு நல்லாத்தானே ஓடிட்டிருக்கு. நம்மள எதுக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க?"

"நல்லா ஓடுறபடியாத்தான் பிள்ளை நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள்."

"புரியல சார்."

"சின்னனில கயிறடிச்சிருக்கிறீரோ? ரெண்டு பேர் கயித்தைச் சுத்த, நடுவில பாயிறது."

"ஆமா, ஸ்கிப்பிங்."

"சுத்துற கயித்துக்குள்ள ஓராள் பாய்ஞ்சா கயிறு நிக்காது. நாலு பேர் கையைப் பிடிச்சுக்கொண்டு பாய்ஞ்சா காலில சுத்தி எல்லாரும் விழுறது. மோட்டவே எண்டுறது சுத்துற கயிறு."

சுவர்ணா இதை நன்றாக யோசித்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பச்சை வந்து போய்விட்டது. பின்னாலிருந்த வெள்ளை வேன் நீளமாக ஹார்ன் அடித்தது.

"அவனை விடும். இன்னொரு பச்சை வரும். அதுக்கு ஆரின்ர சிபாரிசும் தேவையில்லை" என்றார் கணேசலிங்கம், கோத்த கையைப் பிரிக்காமலே.

ரெய்னர்ஸ் லேன் பகுதியில் தமிழில் கார் பழக்குகிறவர்கள் சிலர் உண்டு. கணேசலிங்கத்திடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மற்றவர்களிடம் அழுதுவிட்டு வருகிறவர்கள். அவர் சத்தம் போடுவதில்லை. அவருடைய கோபமெல்லாம் வலது காலில் இருக்கிறது. பயணி இருக்கைக்கு முன்னால், காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து அந்தக் கால் தனக்கென்று ஒரு புத்தி வளர்த்துக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் போகும்போதும் மிதிக்கும். வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு படம் பார்க்கும்போது, கதாநாயகன் காரை வளைத்தால் கால் எழும்பி முன்னாலிருக்கும் ரீப்போ மேசையை உதைக்கும். இதுவரை இரண்டு ரீப்போக்கள் போய்விட்டன. மூன்றாவது இரும்பில் வந்திருக்கிறது.

லண்டனுக்கு வருமுன் அவர் ஹொலண்டில் பூக்கிடங்கொன்றில் ரியூலிப் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்லிப் ரோட் விளக்கை முதன்முதலில் கண்டது அங்கேதான். அப்போது அவர் எந்த வரிசையில் நின்றாலும் முன்னால் போய் ஒரு தாளைக் காட்ட வேண்டியிருந்தது. இந்த வரிசையில் மட்டும் முன்னால் போனால் பச்சை விழுந்தது. "அங்க ஒரு பச்சைக்கு ஒரு கார். இஞ்ச உவங்கள் கொஞ்சம் தாராளம்" என்று பிரித்தானிய அரசாங்கத்தின்மேல் அவருக்கு இன்றுவரை ஒரு மனக்குறை.

அவருடைய மனைவி நகுலேஸ்வரி இதையெல்லாம் ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிடுவார். "மற்ற மனிசர் கோயில் வாசலில கும்பிடுவினம். இவருக்கு ஸ்லிப் றோட்டு."

குடும்பத்தில் கணேசலிங்கத்துக்கு ஒரே ஒரு கருத்து எதிரி. அவருடைய அக்கா சிவனேஸ்வரி. அந்த விளக்கு வந்த நாளிலிருந்து அக்கா மோட்டர்வே பக்கம் போவதில்லை. பள்ளிக்கூடங்கள், வேகத்தடைகள், குப்பை லொறிகள் எல்லாவற்றையும் தாண்டிக் குறுக்குத் தெருக்களால் போவார். பிந்தித்தான் வருவார், ஆனால் ஓடிக்கொண்டே பிந்தியிருக்கிறேன் என்ற திருப்தியோடு வருவார். தம்பியும் அக்காவும் சந்தித்தால் முதல் கோப்பை ரீ ஆறுமுன் இந்தக் கதை தொடங்கிவிடும்.

"நெரிசல் குறையுதெண்டு ஆர் சொன்னது? எங்களை இஞ்ச மறிச்சுவைச்சு அங்கால ஆரோ பறக்கிறான். நெரிசலைத் தூக்கி எங்கட பக்கத்தில வைச்சிருக்கிறாங்கள், அவ்வளவுதான்."

"அக்கா, நீ ஏறினாப் பிறகு நீயும் அந்த ஆரோதான்."

"ஏறினாப் பிறகு. ஏறுமட்டும் நான் ஆர்?"

இந்த இடத்தில் கணேசலிங்கம் எப்போதும் பிஸ்கட்டை எடுத்து ரீயில் நனைப்பார். அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வரிசையில் நிற்கிறவன் செலவழிக்கிறான், ஏற்கெனவே ஓடுகிறவன் அனுபவிக்கிறான். ஆனால் அக்காவிடம் அதை ஒப்புக்கொள்வதைவிடப் பிஸ்கட் உடைந்து ரீக்குள் விழுவது அவருக்குச் சம்மதம்.

சென்ற கோடையில் அக்காவின் மகன் சிவதர்ஷனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் இல்ஃபோர்ட். மண்டபமும் லண்டனின் அந்தக் கிழக்குத் தொங்கலில். மாப்பிள்ளை ஊர்வலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு தாய்மாமன் தலையில் விழுந்தது. அவர் தயங்காமல் மோட்டர்வேதான் என்றார். அக்கா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"முகூர்த்தத்துக்குள்ள தாலி ஏறவேணும். பிந்திச்சுதோ, உன்ர வாசல்படி மிதிக்கமாட்டன். சும்மா சொல்லேல்லைத் தம்பி."

சும்மா சொல்லவில்லை என்று தம்பிக்கும் தெரியும். ஊரில் வேலித் தகராறொன்றில் சித்தப்பாவோடு முறித்துக்கொண்ட அக்கா, அவருடைய சாவீட்டுக்குக்கூடப் போகாதவர்.

கணேசலிங்கம் திட்டத்தைக் கவனமாகப் போட்டார். கார்கள் கூட்டமாகப் போய் விளக்கடியில் குவியக்கூடாது. ஒன்று புறப்பட்டு, ஆள் ஆறுதலாக ஒரு ரீ குடிக்கிற நேரம் விட்டு, அடுத்தது புறப்பட வேண்டும். எல்லாருக்கும் போனில் சொல்லியாயிற்று. எல்லாரும் ஓம் என்றார்கள்.

பிறகு அவரே பஞ்சாங்கத்தைப் பார்த்து, வீட்டைவிட்டு இறங்குவதற்கு நல்ல நேரம் எது என்று அதே ஆட்களுக்கு அறிவித்தார். அது சின்ன நேரம். அதற்குப் பின்னால் ராகுகாலம். கல்யாணத்துக்கு ராகுகாலத்தில் படி இறங்குவதற்கு அந்த ஊர்வலத்தில் யாருக்கு விசர் பிடித்திருக்கிறது? ரீ குடிக்கிற இடைவெளியை எல்லாரும் மறந்தார்கள், மறக்காதவர்களும் இறங்கினார்கள். அத்தனை கார்ச் சில்லுகளும் ஒரே கணத்தில் எலுமிச்சம்பழங்களை நசுக்கின. முழு வம்சமும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு தெருவை அடைத்தது. நாலு பேர் கைகோத்துக் கயிற்றுக்குள் பாய்வதைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவர், முன்காரை ஓட்டியபடி கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டு போனார்.

வெயில் எறித்த சனிக்கிழமை. கடற்கரைக்குப் புறப்பட்ட லண்டனும் ரோட்டில்தான் நின்றது. ஸ்லிப் ரோட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணேசலிங்கத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. தலைப்பாகை கூரையில் இடித்ததால் அதைக் கழற்றி மடியில் குழந்தைபோல வைத்திருந்தான். பின்னால் அக்காவும் நகுலேஸ்வரியும். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. மாப்பிள்ளைக் கார் ஏறிவிட்டது. ஏறியதும் கயிறு சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கார் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பாத்தியே அக்கா?" என்றார் தம்பி, மிகவும் பணிவாக.

அக்கா திரும்பிப் பின்கண்ணாடியால் பார்த்தார். "கூறைத் தட்டு எங்க?"

கூறைச்சேலையும் தாலியும் மாப்பிள்ளையின் தங்கை ஜதுர்ஷிகாவின் காரில் இருந்தன. அது மாப்பிள்ளைக் காருக்கு நேர் பின்னால் வந்திருக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளைக் காருக்குப் பின்னால் வருகிறவன்தான் வீடியோவில் விழுவான். ரவுண்டபவுட்டில் ஒரு பெரியப்பா நுழைந்தார். ஒரு மச்சான் நுழைந்தான். சட்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிக் கையைக் காட்டிக்கொண்டே நுழைந்தது. ஜதுர்ஷிகா அத்தனை பேருக்கும் இடம் விட்டாள். அவளுக்குக் கார் பழக்கியது மாமா. எவனாவது மூக்கை நீட்டினால் சண்டை பிடிக்காமல் வழி விடு என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

நகுலேஸ்வரி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமி, ஐம் த லாஸ்ட் வன். எனக்குப் பின்னால பீச் பந்து வைச்சிருக்கிற ஒரு வெள்ளைக்கார ஃபமிலி."

"விளக்கு?" என்றார் கணேசலிங்கம்.

"ரெட் மாமா. ஒவ்வொருக்காவும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடுது."

அக்கா சீட்டுகளுக்கு நடுவால் தலையை நுழைத்தார். "பிள்ளை, முன்னுக்கு எத்தினை கார்?"

"இல்லை அம்மா, இப்ப நான்தான் முன்னுக்கு. முன்னால போனது சட்டன் அங்கிள். எனக்கு ரெட் வந்திட்டுது. ரோட் எம்ப்டியாத்தான் இருக்கு. மாமா, ஷல் ஐ ஜஸ்ட் கோ?"

மாப்பிள்ளை தலைப்பாகையின் முத்துச் சரத்தைத் திருகினான். அக்காவின் மூச்சு கணேசலிங்கத்தின் காதில் பட்டது. போ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அக்கா இந்தச் சென்மம் முழுவதும் அவருடைய வீட்டுக்கு வருவார், வந்து, அண்டைக்கு நீயே சிவப்பில போகச் சொன்னாய் என்று ரீ ஆறுமுன் சொல்லுவார்.

"பச்சைக்கு வா" என்றார்.

"தம்பி."

"பச்சைக்கு வா பிள்ளை. அவசரப்படாத."

"உனக்கு விசரே? தாலியடா அங்க நிக்குது. தாலி."

"தாலியெண்டாலும் நிக்கத்தான் வேணும் அக்கா."

அக்கா தலையைப் பின்னுக்கு இழுத்து யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசாத அக்காவோடு காரோட்டுவதைவிட, முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் நான்கு பேரோடு லண்டன் நடுவில் ஓட்டலாம். போனில் சிக்னல் விளக்கு மாறும் சத்தம் கேட்காது. ஆனால் கியர் விழும் சத்தமும், "க்ரீன்" என்ற ஜதுர்ஷிகாவின் சின்னக் குரலும் கேட்டன. ஜதுர்ஷிகாவின் பக்கத்தில் இல்லாததால் அவளுக்காக மிதிக்கப் பிரேக் இல்லாமல், கணேசலிங்கத்தின் வலது கால் ஆக்சிலரேட்டரைவிட்டு ஒருமுறை எழும்பி இறங்கியது.

மாப்பிள்ளை நேரத்தோடு மண்டபத்துக்குப் போய்விட்டான். காலைக் கழுவி, மாலை போட்டு, மணவறையில் இருத்தினார்கள். கூறைத் தட்டு வரவில்லை. ஐயர் கணேசலிங்கத்தை ஒருமுறை பார்த்தார். கணேசலிங்கம் வாசலைப் பார்த்தார். ஐயர் விஷயத்தைப் புரிந்துகொண்டு மந்திரங்களை நீட்டத் தொடங்கினார். ஒரு முறை சொன்ன தேவர்கள் எல்லாரும் இரண்டாம் முறையும் அழைக்கப்பட்டார்கள். அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நின்று, கைக்கடிகாரத்தையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கும்போது முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

ஜதுர்ஷிகா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஓடவில்லை. ஆனால் அவ்வளவு வேகமாக ஒருவர் நடந்து அந்த மண்டபம் பார்த்ததில்லை. கூறை மாற்றுவதற்கு மணமகளைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். ஐயர் தேவர்களைச் சட்டென்று அனுப்பிவைத்தார். கெட்டிமேளம் முழங்க, முகூர்த்தத்தின் கடைசி நுனியில் தாலி ஏறியது.

"பிந்தேல்லை" என்றார் கணேசலிங்கம் மனைவியிடம்.

"உங்கட லைற்றாலயோ, லைற் இருந்தும்தானோ?" என்றார் நகுலேஸ்வரி.

அதற்குள் சபை முழுவதும் எழுந்துவிட்டது. மணமக்கள் தலையில் அறுகரிசி போடவும், படம் எடுக்கவும், பரிசு கொடுக்கவும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மணவறைக்கு ஏற வேண்டும். படியோ ஒன்று, ஒடுக்கமானது. ஏறியவர்கள் இறங்க முடியவில்லை, இறங்கியவர்கள் தள்ளி மேலே வந்தார்கள். பெரியப்பாவின் சால்வை ஒரு பெண்ணின் சேலை ஊசியில் மாட்டியது. மணமக்கள் தெரியவில்லை, வீடியோக்காரன் முதுகுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். ஒருவரும் கேட்காமலே கணேசலிங்கம் கூட்டத்துக்குள் நுழைந்து, படியடியில் நின்று, உள்ளங்கையை நீட்டினார். நின்றார்கள். கையை மடக்கி இரண்டு பேரை விட்டார். மறுபடி நீட்டினார். மேலே இருந்தவர்கள் இறங்கினார்கள். இன்னும் இரண்டு பேரை விட்டார்.

பிந்தி வந்து சேர்ந்த தன் கணவர் வீட்டாரை அழைத்துவர வாசலுக்குப் போயிருந்த அக்கா, அவர்களையும் கூட்டிக்கொண்டு படியடிக்கு வந்தார். மாப்பிள்ளையின் தாய். இன்னும் போடாத அறுகரிசி கைக்குள் இருந்தது. அவர் வந்த நேரம் தம்பியின் கை நீட்டியிருந்தது. தம்பி அதை மடக்கவில்லை. அக்கா அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கைக்குள் இருந்த அறுகரிசியில் பாதியைத் தம்பியின் தலையில் போட்டார். பிறகு குனிந்து, நீட்டிய கைக்குக் கீழால் நுழைந்து, படியேறிப் போனார்.

கணேசலிங்கத்தின் மீசையில் இரண்டு அரிசி ஒட்டியிருந்தது. அதைத் தட்டாமல், அக்காவுக்குப் பின்னால் நுழையப் பார்த்த சட்டன் அங்கிளின் நெஞ்சுக்கு நேரே அவர் உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.