மேல் லயத்தில் விளக்குகள் அணைந்த மாலை

“சார், மழை தொடங்கிருச்சு. ரோதை நல்லா சுத்துது. இப்ப வந்தீங்கன்னா பாக்கலாம்.” ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை அந்தோனி எனக்கு அனுப்பிய செய்தி இது. அந்தச் சனிக்கிழமையே கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டுவிட்டேன்.

அந்தோனி நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மின்கம்பிகள் தொழிற்சாலையோடு நின்றுவிட்டன. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் உள்ள மேல் லயத்துக்கு, ஓடைத் தண்ணீரில் சிறு சக்கரமொன்றைச் சுழலவிட்டு அவர்தான் மின்சாரம் எடுத்துக்கொடுத்திருக்கிறார். சக்கரத்துக்குத் தோட்டத்துப் பெயர் ரோதை.

ஹட்டனிலிருந்து நோர்வூட் சுமார் பத்துக் கிலோமீற்றர். பஸ்ஸில் வந்திறங்கி, ஓட்டோ பிடித்தேன்.

“ரோதையப் பாக்கவா?” என்றார் ஓட்டுநர். “கரண்ட் வந்துச்சு. ரெண்டு வீட்டுக்கு நடுவுல பேச்சு நிண்டு போச்சு.”

புது இயந்திரம் சுழலுமுன் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, அதைக் காக்கும் தெய்வமான ரோதை முனிக்குப் பூசை போடுவது தோட்டத்து வழக்கம். தண்ணீர் சரியாக விழுகிறதா என்று பார்க்க, கிறிஸ்தவரான அந்தோனி பூசைக்கு முதல்நாளே மடையைத் திறந்துவிட்டார். பூசைக்குத் தேங்காயும் சேவலும் வாங்கி வைத்திருந்த கடைசி வீட்டு முத்தையாவுக்கு அது பொறுக்கவில்லை.

“‘வேதக்காரன் கண்ணுக்கு முனி தெரியுமா’ன்னு அவரு கேட்டாரு. ‘தண்ணிக்கு முனியத் தெரியுமா’ன்னு இவரு கேட்டுட்டாரு. முடிஞ்சுது கதை,” என்றார் ஓட்டுநர்.

மூன்று மணிக்கு லயத்தை அடைந்தேன். அந்தோனியின் மனைவி மேரி பால் சேர்க்காத பிளேன்டீ தந்தார். அலமாரியில் பூத்தையல் துணியால் மூடியபடி ஒரு சிறு இயந்திரம் இருந்தது. மூச்சுத்திணறலுக்கு மருந்தைப் புகையாக்கித் தருவது.

“முந்தி எனக்கு இழுப்பு வந்தா லயத்து ஆளுங்க கம்பளியில போட்டுத்தான் ரோட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போவாங்க சார்,” என்றார் மேரி. “ஒரு தடவ பாதி வழியிலயே மூச்சு நிண்டிருக்கும். இவரு அழுதுகிட்டே தூக்குனாரு.”

“அது மழத்தண்ணி,” என்றார் அந்தோனி.

ஐந்து மணிக்குப் பெருமழை பிடித்தது. மடையில் இலைகள் அடைத்திருக்கும் என்று அந்தோனி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போனார். பனிமூட்டம் இறங்கி, லயம் முழுக்க விளக்கேற்றிவிட்டார்கள். அப்போதுதான் மேரிக்கு இழுப்பு தொடங்கியது. அவரே இயந்திரத்தை எடுத்து, முகமூடியைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டார்.

விளக்கு மங்கியது; ரோதையின் மின்சாரம் எல்லா வீட்டுக்கும் சேர்த்துப் போதவில்லை. இயந்திரம் முனகியதே தவிர, புகை வரவில்லை. மேரியின் தோள்கள் ஏறி இறங்கின. யாரையாவது கூப்பிடலாமென்று வாசலுக்கு வந்தேன்.

லயத்தின் கடைசியில், முத்தையா வீட்டு விளக்கு அணைந்தது. அடுத்து அதற்கு முந்தைய வீடு. பிறகு ஒவ்வொன்றாக, இருட்டு எங்களை நோக்கி நடந்து வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மேரியின் விளக்கை நான் அணைத்தேன். இயந்திரத்தின் முனகல் இரைச்சலாக ஏறியது. முகமூடியிலிருந்து வெள்ளைப் புகை கசிந்தது.

நனைந்து திரும்பிய அந்தோனி, இருட்டில் அந்த இரைச்சலைக் கேட்டதும் மேரியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

“மங்குனா அணைச்சிருவாங்க சார். மேரிக்கின்னு தெரியும்,” என்றார்.

முதலில் அணைந்தது எந்த வீடு என்று சொன்னேன்.

“அவரு ஊட்ல இருந்திருக்க மாட்டாரு. கோயிலுக்குப் போயிருப்பாரு.”

மேரி முகமூடியை விலக்கினார். “கோயிலுக்குப் போறவரு வெளக்கப் போட்டுட்டா போனாரு?”

அந்தோனி எழுந்துபோய் நனைந்த சாக்கை வாசலில் பிழிந்தார்.

ஞாயிறு காலை, புறப்படுமுன் ரோதையைப் பார்க்க அழைத்துப் போனார். ஓடையிலிருந்து முழங்கால் உயரக் கல்லொன்றைப் புரட்டிவந்து, சக்கரத்துக்கருகில் நட்டார். பொட்டு வைக்கவில்லை.

“பூசைய முத்தையா அண்ணன் வந்து போடட்டும். நாம செஞ்சா அதுக்கும் கோவிச்சுக்குவாரு.”

வெள்ளவத்தையில் மின்சாரம் போனால் நானும் பக்கத்து வீட்டைப் பார்ப்பதுண்டு, அவர்களுக்கும் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

ஒன்றைக் குறித்தாக வேண்டும். அன்று மாலை அந்தக் கடைசி விளக்கை அணைத்தது முத்தையாதானா, அவர் வீட்டில் வேறு யாராவதா என்பதை நான் விசாரித்து உறுதிசெய்யவில்லை. அந்தோனியும் இன்னும் கேட்கவில்லையாம்.